வழி கேட்பதும் வழி சொல்லப்படுவதும்: கைத்தொலைபேசி வரைபடங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

மொன்றியல் நகரில் சூரியன் தெற்கே உதிப்பதாக வேடிக்கையாகக் கூறுவதுண்டு. நகரின் விசித்திரமான திசைவழக்கே அதற்குக் காரணம். சென் லோரன்ஸ் ஆறு நகர மையத்தை அண்மித்ததும் ஏறத்தாழ வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகின்றது. நகரத்தவரோ அதனை மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஆறாகவே கொண்டு, ஆற்றுக்கு இணையான வீதிகளைக் கிழக்கு-மேற்கு எனவும், ஆற்றிலிருந்து விலகிச் செல்லும் வீதிகளை வடக்கு எனவும் வழங்கி வருகின்றனர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியை ஊடறுத்துச் செல்லும் 'ஷேர்புறூக் மேற்கு' வீதி உண்மையில் தென்மேற்கு நோக்கிச் செல்கின்றது. 'டெக்காரியில் வடக்கே போங்கள்' என அயலவர் கூறும்போது, கைத்தொலைபேசியின் திசைகாட்டி வடமேற்கைக் காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்திறங்கிய பெற்றோர் பலர் தொடக்க ஆண்டுகளில் இக்குழப்பத்திற் சிக்கி, பேருந்துச் சாரதியிடமும் கடைக்காரரிடமும் கேட்டுக்கேட்டே இந்நகரைக் கற்றனர். இங்கு பிறந்த பிள்ளைகளோ அப்படியொரு குழப்பம் இருப்பதையே அறியார். தொலைபேசி 'இடப்பக்கம் திரும்புக' என்கின்றது, அவர்கள் திரும்புகின்றனர். வழி கேட்டு அறிந்த தலைமுறைக்கும் வழி சொல்லப்படும் தலைமுறைக்கும் இடையிலான இவ்வேறுபாடு சிறியதன்று. வழி சொல்வது எவர், அதற்கு ஈடாக அவர் எதைப் பெற்றுக்கொள்கின்றார், அவர் சொல்லும் வழி பிழையாயின் அதனைத் திருத்தும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்கள் தமிழ்க் குடும்பங்களில் எழுவது மிக அரிது. தொலைபேசியை வாங்கும்போதே அதனுள் இருந்த செயலி எதுவோ அதுவே வரைபடம் என்றாகிவிட்டது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். இணைய இணைப்பு இல்லையேல் தொலைபேசி வழிகாட்டாது எனப் பலர் நம்புகின்றனர். தொலைபேசியிலுள்ள இடமறி கருவி ஒரு வானொலி போன்றது; செய்மதிகள் ஓயாது அனுப்பும் நேரக்குறிப்புகளை அது கேட்கின்றது, அவ்வளவே. குறைந்தது நான்கு செய்மதிகளின் குறிப்புகள் கிட்டுமாயின் தான் நிற்கும் இடத்தை அது தானே கணித்துக்கொள்ளும். கேட்பவர் எவரென்பது செய்மதிக்குத் தெரியாது. வலையமைப்பின் உதவி கிடைத்தால் முதற் கணிப்பு விரைவாக நிகழும் என்பது உண்மையே. எனினும் அது இன்றியமையாததன்று. இணையம் உண்மையில் தேவைப்படுவது இரு காரியங்களுக்கே: வரைபடத்தைக் கொண்டுவருவதற்கு, வழியைக் கணிப்பதற்கு. இவ்விரண்டையும் தொலைபேசிக்குள்ளேயே வைத்துவிட்டால், பயணத்தின்போது எவரோடும் பேச வேண்டிய அவசியம் தொலைபேசிக்கு இல்லை. கட்டற்ற வரைபடச் செயலிகள் செய்வது இதனையே.

இது ஏன் முக்கியம் என்பதற்குக் கனடாவிலேயே நிகழ்ந்த ஓர் உதாரணம் போதும். புலம்பெயர்ந்த தமிழர் வாழ்வில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை பெற்றுள்ள இடத்தைச் சொல்லத் தேவையில்லை. அந்நிறுவனத்தின் கைத்தொலைபேசிச் செயலி ஐந்து மாதத்திற்கும் குறைவான காலத்தில் தம் இருப்பிடத்தை 2,700 தடவைக்கு மேல் பதிவு செய்திருந்ததை 'பினான்சியல் போஸ்ட்' இதழின் செய்தியாளர் ஒருவர் 2020இல் வெளிக்கொணர்ந்தார். அதன்பின் கனடாவின் தனியுரிமை ஆணையாளரும் கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா மாகாணங்களின் தனியுரிமை அமைப்புகளும் கூட்டாக விசாரணை நடத்தி, 2022 யூன் மாதம் தம் முடிவை வெளியிட்டன. செயலி மூடியிருந்தபோதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்பிடம் பதிவாகியது என்பதும், அதிலிருந்து ஒருவருடைய வீடு எது, வேலைத்தலம் எது, அவர் எப்போது பயணஞ் செய்கின்றார் என்பன ஊகிக்கப்பட்டன என்பதும் அதிற் கூறப்பட்டது. தொடுக்கப்பட்ட வழக்குகளுக்குத் தீர்வாக அந்நிறுவனம் முன்வைத்த இழப்பீடு ஒரு குவளை சூடான பானமும் ஒரு சிற்றுண்டியும் ஆகும். மாதக்கணக்கான நடமாட்டத்தின் விலை அவ்வளவே!

கோப்பிக்கடைக்கே இவ்வளவு ஆர்வம் இருக்குமாயின், வரைபட நிறுவனத்திற்கு எவ்வளவு இருக்கும்? 'இருப்பிட வரலாறு' என்னும் அமைப்பைப் பயனர் நிறுத்திவைத்த பின்னரும் கூகிளின் சில சேவைகள் இருப்பிடத்தைச் சேமித்து வந்ததை அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் 2018 ஓகஸ்ட் மாதம் வெளிப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுடன் 39.15 கோடி டொலர் செலுத்தும் உடன்பாட்டிற்குக் கூகிள் வந்தது. 2023 டிசெம்பரில், பயணக் குறிப்பேட்டைத் தன் கணினிகளில் அன்றிப் பயனரின் தொலைபேசியிலேயே சேமிக்கும் முறைக்கு மாறப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது தானாக வந்ததன்று. கேள்வி கேட்டவர்கள் இருந்தமையால் வந்தது.

சிறுபான்மைச் சமூகங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நிகழ்வும் உண்டு. தொழுகை நேரத்தையும் திசையையும் அறிய உலகெங்கும் முஸ்லிம்கள் பயன்படுத்தும் செயலியொன்றிலிருந்து பெறப்பட்ட இருப்பிடத் தரவுகள், தரகு நிறுவனமொன்றின் ஊடாக அமெரிக்க இராணுவம் வரை சென்றடைந்ததை அமெரிக்க இதழொன்று 2020 நவம்பரில் வெளியிட்டது. தொழுகைக்காக நிறுவிய செயலி தம் நடமாட்டத்தை எங்கோ கொண்டு சேர்க்கும் என அதனை நிறுவியோர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்த பெற்றோர்க்கு இது புதிய செய்தியாக இருக்க நியாயமில்லை. எங்கிருந்து வருகின்றாய், எங்கே போகின்றாய், அங்கே யாரைக் காணப் போகின்றாய் என்ற கேள்விகளுக்கு அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி விடை சொல்லி நின்ற தலைமுறை அது. மொன்றியலில் அப்படி எவரும் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றே எனக் கூறுவது மிகைப்படுத்தலாகும். சாவடியில் உயிர் பணயமாயிருந்தது, இங்கு பெரும்பாலும் விளம்பரமே நோக்கம். ஆனால், டொலார்-டே-ஓர்மோவிலுள்ள திருமுருகன் கோயிலுக்குச் சென்ற நாட்கள், அகதி வழக்கிற்காகச் சட்டத்தரணியைக் கண்ட நேரம், வாண்டோம் மருத்துவமனை வளாகத்தில் எந்த வாயிலருகே எத்தனை மணிநேரம் நின்றார் என்பன யாவும் கேட்கப்படாமலே ஓரிடத்தில் எழுதப்படுமாயின், அதனை எழுதுபவரை அறிந்துகொள்ளும் உரிமையேனும் குடும்பத்திற்கு இருத்தல் வேண்டும். கியூபெக் மாகாணத்தின் 25ஆம் இலக்கச் சட்டம் இதனை ஏற்றுக்கொள்கின்றது. 2023 செப்ரெம்பரிலிருந்து, ஒருவரின் இருப்பிடத்தை அறியும் தொழினுட்பத்தைப் பயன்படுத்தும் நிறுவனம் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்; அதனை இயக்கும் முடிவு பயனரிடம் இருத்தல் வேண்டும். ஆயினும் 'சம்மதம்' என்ற பொத்தானை வாசியாமல் அழுத்தும் விரலை எந்தச் சட்டமும் தடுக்க இயலாது.

இனி மாற்று வழி. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திட்டம், பொதுமக்கள் கூடி உலக வரைபடத்தை வரையும் முயற்சியாகும். மக்களின் வரிப்பணத்தில் அரசு தொகுத்த வரைபடத் தரவுகளை மக்களே பணங்கொடுத்து வாங்க வேண்டியிருந்த நிலையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. இன்று ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதிற் பதிவு செய்துள்ளனர். அதன் தரவுகளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்; மூலத்தைக் குறிப்பிட்டு, திருத்திய தரவைப் பகிரும்போது அதே உரிமத்திற் பகிர்ந்தாற் போதும். இத்தரவைக் கொண்டு இயங்கும் வழிகாட்டிச் செயலிகளுள் 2010இல் தொடங்கிய ஒஸ்மாண்ட், 2021இல் வெளிவந்த ஓர்கானிக் மேப்ஸ் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. அண்ட்ரோயிட், ஐபோன் இரண்டிலும் இவை கிடைக்கின்றன. ஒஸ்மாண்ட் நுணுக்கமான தெரிவுகள் நிறைந்தது. பொறியியலாளர்க்கு மகிழ்ச்சியும் ஏனையோர்க்குத் தலைவலியும் தருவது. ஓர்கானிக் மேப்ஸ் எளிமையானது. அம்மம்மாவின் தொலைபேசியில் நிறுவுவதாயின் பின்னதே பொருத்தம்.

ஓர்கானிக் மேப்ஸ் பிறந்த கதை 'கட்டற்ற மென்பொருள்' என்பதன் பொருளை எந்த வரைவிலக்கணத்திலும் தெளிவாக விளக்குவது. பெலாருஸ் நாட்டைச் சேர்ந்த நிரலாளர் சிலர் தொடங்கிய மேப்ஸ்.மீ என்ற செயலியை 2014இல் உருசியாவின் மெயில்.ரு நிறுவனம் வாங்கியது. 2015இல் அதன் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. 2020இல் செயலி மீண்டும் கைமாறியது. புதிய உரிமையாளர் செய்த மாற்றங்கள் பழைய பயனர் பலருக்கு ஒவ்வாதனவாயின. வழமையான மென்பொருளாயின் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மூலநிரல் வெளியில் இருந்தமையால், அதனைத் தொடங்கியவர்களிற் சிலரே அதனை எடுத்து, விளம்பரமும் பின்தொடர்தலும் இன்றி ஓர்கானிக் மேப்ஸ் எனப் புதிதாக நடத்தலாயினர். 2025இல் அத்திட்டத்தின் நிர்வாகம் போதிய வெளிப்படைத்தன்மையுடன் இல்லை எனக் கருதிய பங்களிப்பாளர் சிலர் பிரிந்து கோமேப்ஸ் என்ற செயலியைத் தொடங்கினர். சங்கங்கள் பிளவுபடுவதைக் கண்டு பழகிய தமிழர்க்கு இது வியப்பளிக்காது. வேறுபாடு யாதெனில், இங்கே பிரிந்தவர் வெறுங்கையுடன் போகவில்லை. இருந்தவரும் எதனையும் இழக்கவில்லை. நிரலும் வரைபடமும் இரு சாராருக்கும் முழுமையாகக் கிடைத்தன.

குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. கட்டற்ற செயலிகளில் நேரடிப் போக்குவரத்து நெரிசல் விபரம் பொதுவாக இல்லை. பனி கொட்டும் மாலையில் டெக்காரி கடுகதிப் பாதை எவ்வளவு தூரம் அடைபட்டுள்ளது என அவை சொல்லமாட்டா. ஏனெனில் நெரிசல் விபரம் வானத்திலிருந்து வருவதன்று. வீதியிலுள்ள ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் தத்தம் இருப்பிடத்தையும் வேகத்தையும் ஓயாது அனுப்புவதாலேயே அது கிடைக்கின்றது. நடமாட்டத்தைச் சேகரிக்காத செயலியிடம் நெரிசலைக் கேட்பது முறையன்று. கடைகள் திறக்கும் நேரம், புதிதாக வந்த உணவகம் போன்றவற்றிலும் இவை பின்தங்கியே உள்ளன. பேருந்து நேர அட்டவணைக்கும் இவற்றை நம்பியிருக்க இயலாது. ஒஸ்மாண்ட் பேருந்துத் தடங்களைக் காட்டும், நேரத்தைக் காட்டாது. முகவரி தேடுவதில் எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மையும் குறைவு.

ஆகவே பழைய செயலியை நீக்கிவிட்டு வேறொன்றுக்குத் தாவுமாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. நெரிசல் அறிய வேண்டிய நாளில் அதனைப் பயன்படுத்தட்டும். ஏனைய நாட்களில், நடைப்பயணத்திற்கு, துவிச்சக்கரவண்டிக்கு, எல்லை கடந்து நியூயோர்க் மாநிலத்தினுள் செல்லும்போது அலைவுக்கட்டணத்திற்கு அஞ்சித் தரவை நிறுத்திவைத்திருக்கும் வேளைக்கு, கட்டற்ற செயலியொன்று தொலைபேசியில் இருக்கட்டும். கோடை விடுமுறையில் கட்டுநாயக்காவில் இறங்கி, உள்ளூர்த் தொலைபேசி அட்டை கிடைக்கும் முன்னரே வடக்கு நோக்கிப் புறப்படும் குடும்பத்திற்கு அதன் அருமை உடனே விளங்கும். செய்ய வேண்டியது ஒன்றே: புறப்படுமுன் வீட்டிலுள்ள இணையத்தில் உரிய பகுதியின் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்தல். மாதத்திற்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தலும் நன்று.

வரைபடம் புதுப்பிக்கப்படுவதன் அவசியத்தை நோத்ர-டாம்-த-கிரேஸ் வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பகுதியின் தென்கிழக்கு மூலையில் 1967இல் திறக்கப்பட்ட ரியூகோ சந்திப்பு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்ட ஆண்டுகளில், 2020 வரை, நேற்றிருந்த ஏற்றப்பாதை இன்று இல்லை என்ற நிலை நீடித்தது. பகுதியின் சிக்கல்கள் அவ்வளவில் முடிவதுமில்லை. காவன்டிஷ் பெருந்தெரு நோத்ர-டாம்-த-கிரேசில் உண்டு, கோத்-சென்-லுயிக்கில் உண்டு; பின்னர் தொடருந்துத் தரிப்பிடத்தின் முன் மறைந்து அப்பால் சென்-லோரோனில் மீண்டும் தோன்றுகின்றது. இரண்டையும் இணைப்பது பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகின்றது. வெஸ்ற்மவுன்ற், ஹாம்ஸ்ரெட், கோத்-சென்-லுயிக், மொன்றியல்-மேற்கு ஆகியன 2002இல் பெருநகருடன் இணைக்கப்பட்டு 2006இல் மீண்டும் தனி நகரங்களானவை. ஒரே வீதியில் சில நிமிடம் நடந்தாலே தரிப்பிட விதியை வகுப்பவர் மாறிவிடுவார். மொன்றியல் தீவினுள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாகாது. மாகாணத்தின் ஏனைய பகுதிகளில் 2003 முதல் அது அனுமதிக்கப்பட்டுள்ளது. ரொறன்ரோவிலிருந்து விருந்தினராக வருவோர் அடிக்கடி அகப்படும் இடம் அது. செயலி 'வலப்பக்கம்' என்று கூறுமேயன்றி 'பொறு' என்று கூறாது. வாகனம் ஓட்டும்போது தொலைபேசியைக் கையிற் பிடிப்போர்க்கு 2018 முதல் குறைந்தது 300 டொலர் தண்டமும் ஐந்து குறைப்புள்ளிகளும் உண்டு என்பதனை இளையோர் நினைவிற்கொள்வது நன்று. தாங்கியில் பொருத்தி, புறப்படுமுன்பே வழியைத் தெரிவு செய்தல் வேண்டும்.

நடப்போருக்கான வழியிலேயே கட்டற்ற வரைபடத்தின் பயன் பெரிது. நோத்ர-டாம்-த-கிரேசின் தென்பகுதியைத் தொடருந்துப் பாதை வெட்டிச் செல்கின்றது. அதனைக் கடக்கும் வழிகள் சிலவே. மெல்ரோஸ் வீதியின் முடிவிலுள்ள நடையர் சுரங்கப்பாதை அவற்றுள் ஒன்று. காரில் மட்டுமே செல்வோர்க்கு அது இல்லாத ஒன்று; சென்-ஜாக் வீதிப் பக்கம் வாழ்ந்து ஷேர்புறூக் வீதியில் பொருள் வாங்க நடந்து செல்லும் முதியவர்க்கோ அதுவே நாளாந்தப் பாதை. அத்தகைய சுரங்கத்தில் படிகள் உண்டா, சரிவுப்பாதை உண்டா, இரவில் விளக்கு எரியுமா, மழைக்காலத்தில் தரை வழுக்குமா என்பதை அவ்வழியே நடப்பவரை விட நன்கறிந்தவர் எவருமிலர். வாண்டோம் நிலையத்தில் 2021இல் புதிய நுழைவாயிலும் மின்தூக்கிகளும் திறக்கப்பட்டன. மூட்டுவலியுள்ள ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்க்கு எந்த வாயில் என்பதே முழுச் செய்தி. இவற்றையெல்லாம் பெருநிறுவனம் தன் வணிக அளவுகோலின்படியே பதிவு செய்யும். கட்டற்ற வரைபடத்திலோ, குறையைக் கண்டவரே அதனை நிரப்பலாம்.

நிரப்புவது கடினமன்று. அண்ட்ரோயிட் தொலைபேசிகளில் இயங்கும் ஸ்ட்ரீட்கொம்ப்ளீற் என்னும் செயலி, நிற்கும் இடத்தைச் சூழவுள்ள குறைகளைச் சிறு கேள்விகளாகக் கேட்கின்றது. இந்நடைபாதையின் தரை எத்தகையது? இப்பேருந்துத் தரிப்பிடத்தில் இருக்கை உண்டா? இக்கடைக்குள் சக்கர நாற்காலி செல்லுமா? விடையைத் தெரிவு செய்தால் அது வரைபடத்திற் சேர்கின்றது. சில வாரங்களில் உலகெங்குமுள்ள தொலைபேசிகளுக்குச் சென்றடைகின்றது. மொன்றியல் மாநகரும் 2011இலிருந்து தன் தரவுகளைப் பொதுவில் திறந்து வருவதால், அடிப்படைக்குக் குறைவில்லை. குறைவது நுணுக்கம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்தபின் மொங்க்லன்ட் வீதியில் இரண்டு மணிநேரம் நடக்கக்கூடிய பதின்ம வயதினர் ஐவர் சேர்ந்தால், அவ்வீதியில் எந்தக் கடைவாயிலில் படி உண்டு என்பது முழுமையாகப் பதிவாகிவிடும். கணினித்துறைக்குச் செல்ல விரும்பும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கப் பயிற்சி கிடைப்பது அரிது. தரவு எவ்வாறு தொகுக்கப்படுகின்றது, பிழை எவ்வாறு திருத்தப்படுகின்றது, அறிமுகமற்ற ஒருவர் மாற்றத்தை மறுக்கும்போது எவ்வாறு பண்புடன் விவாதிப்பது என்பன பாடநூலில் இல்லாதவை.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். கியூபெக்கில் இடப்பெயர்களின் அதிகாரபூர்வ வடிவம் பிரெஞ்சு. 1977இல் நிறுவப்பட்ட இடப்பெயர் ஆணையம் அதனைக் கவனிக்கின்றது. தொலைபேசியின் குரலை ஆங்கிலத்தில் வைத்திருப்போர் அது பிரெஞ்சுப் பெயர்களைச் சிதைத்து உரைப்பதைக் கேட்டுச் சிரித்திருப்பர். பிரெஞ்சுக் குரலுக்கு மாற்றினால் பெயர் சரியாக ஒலிக்கும்; பள்ளியில் பிரெஞ்சு கற்கும் பிள்ளைக்கும் நல்லது. தமிழிலேயே வழிகேட்க விரும்புவோருக்கும் இங்கு இடமுண்டு. இச்செயலிகளின் ஒலியறிவுறுத்தல்கள் எளிய உரைக்கோப்புகளாகவே உள்ளன. 'இருநூறு மீற்றரில் வலப்பக்கம் திரும்பவும்' என்பது போன்ற சில பத்து வாக்கியங்களைச் செம்மையாக எழுதித் தர ஒருவர் முன்வந்தால் அதற்கு எவருடைய வணிக அனுமதியும் தேவைப்படாது. ஒஸ்மாண்ட் செயலியின் இடைமுக மொழிபெயர்ப்பும் இணையவழியே தன்னார்வலராற் செய்யப்படுவதாகும். தமிழுக்குச் சந்தை இல்லை எனப் பெருநிறுவனங்களை நொந்துகொள்வோர் இந்தக் கதவு திறந்திருப்பதைக் கவனித்தல் வேண்டும்.

இதே கதவின் வழியாகத் தாயகத்தையும் அடையலாம் என்பதே பெற்றோர் தலைமுறையை ஈர்க்க வேண்டிய செய்தி. கட்டற்ற வரைபடத்தின் வலிமையை உலகம் முதலில் உணர்ந்தது 2010 சனவரியில் ஹெயிற்றியின் தலைநகரை நிலநடுக்கம் சிதைத்தபோதாகும். பல நாடுகளிலும் இருந்த தன்னார்வலர் செய்மதிப் படங்களைப் பார்த்து வீதிகளையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் சில நாட்களில் வரைந்து முடித்தனர். மீட்புப்பணியாளர் அவ்வரைபடத்தைத் தம் கருவிகளில் ஏற்றிச் சென்றனர். 2015 டிசெம்பரில் சென்னை வெள்ளத்தின்போது எந்தத் தெரு நீரில் மூழ்கியுள்ளது எனப் பொதுமக்களே குறிக்கும் வரைபடம் இதே தரவின் மேல் அமைக்கப்பட்டது. ஈழத்தில், மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரதேச செயலர் பிரிவில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் இணைந்து நடத்திய திட்டத்தில் முப்பதினாயிரம் அளவிலான கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையப்பட்டன. ஆழிப்பேரலையும் வெள்ளமும் கண்ட மாவட்டம் அது. எங்கே எத்தனை வீடுகள் என்பது அறியாமல் இடர்காலத் திட்டம் வகுப்பது எவ்வாறு?

வன்னியின் பல சிற்றூர்களில் இன்னும் நிலை வேறு. செய்மதிப்படத்தில் குளம் தெரியும், வாய்க்கால் தெரியும், மீளக்குடியமர்ந்தோரின் கூரைகள் தெரியும். குளத்தின் பெயர் தெரியாது. ஒழுங்கையின் பெயர் தெரியாது. ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்படுமுன் அவ்வழியே பயணித்தோர்க்கு எந்தச் சந்தியில் எந்தக் கோயில் இருந்தது என்பது மனப்பாடம். இவற்றை அறிந்தவர் பலர் இன்று நோத்ர-டாம்-த-கிரேசின் அடுக்குமாடிகளில் முதியவராக இருக்கின்றனர். வரைபடத்தில் ஓரிடத்திற்குப் பல மொழிகளில் பெயர் குறிக்க வசதியுண்டு. தமிழ்ப்பெயருக்கெனத் தனிக்கூறு உண்டு. தமிழில் அமைக்கப்பட்ட தொலைபேசி அப்பெயரையே காட்டக்கூடும். அக்கூறு வெறுமையாயிருந்தால் அதற்குக் குற்றஞ்சாட்ட வேண்டிய அரசும் இல்லை, நிறுவனமும் இல்லை.

ஆயினும் உற்சாகத்தில் செய்யத்தகாதன மூன்றுண்டு. கூகிள் வரைபடத்தையோ காப்புரிமையுள்ள வேறெந்த வரைபடத்தையோ பார்த்துப் பெயரை எழுதலாகாது. கண்டுபிடிக்கப்பட்டால் முழுப் பதிவும் நீக்கப்படும். கனடிய வீதிகளுக்குத் தாமாக உருவாக்கிய தமிழ்ப்பெயர்களைச் சூட்டிச் சேர்ப்பதும் பயனற்றது. மக்கள் உண்மையில் வழங்கும் பெயருக்கே அங்கு இடம். எல்லாவற்றிலும் முக்கியமானது, வரைபடம் சுவரொட்டி ஒட்டும் மதில் அன்று என்பதாகும். நிலத்தில் இருப்பது எதுவோ அதனைப் பதிவு செய்தல் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை விதி. பெயர் மாற்றப்பட்ட ஊருக்குத் தமிழ்க் கூறில் தமிழ்ப்பெயரையும் சிங்களக் கூறில் சிங்களப்பெயரையும் எழுதலாம். மற்றவர் எழுதியதை அழித்துவிட்டுத் தம் விருப்பத்தை எழுதினால் அது மறுநாளே மீட்டெடுக்கப்படும். எழுதியவரின் அடுத்த பதிவையும் எவரும் நம்பமாட்டார். பொறுமையாகச் சரியானதை எழுதுவோரின் பெயர்களே நிலைக்கின்றன.

நிலத்தில் இருப்பதும் மாறிக்கொண்டே இருக்கின்றது. 2025 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தின் வசாவிளான்-பலாலி வீதி, 35 ஆண்டுகளின் பின், குறித்த நேரங்களில் மட்டும் என்பது முதலான நிபந்தனைகளுடன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அத்தகைய நேர வரையறையைக் குறிப்பதற்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முறை உண்டு. அதனைப் படிக்கும் செயலி, வீதி மூடியிருக்கும் நேரத்தில் வேறு வழியைக் காட்டும். அதனைக் குறிப்பவர் மொன்றியலில் இருந்தவாறே குறிக்கலாம். ஆனால் நிபந்தனை இன்று என்ன என்பதை அவர் ஊரிலுள்ளவரிடமே கேட்டறிய வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அம்மம்மா அறிந்த ஒழுங்கை இன்று அதே பெயரால் வழங்குகின்றதா, அக்கிணறு தூர்ந்துவிட்டதா, அக்கோயில் இடம்மாறியதா என்பதும் அவ்வாறே. அதற்குப் பிள்ளை அம்மம்மாவிடம் முதலில் கேட்க வேண்டும்; பின் அவர் தரும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஊரிலுள்ள உறவினரிடம் தமிழில் விசாரிக்க வேண்டும்; அதன் பின்னரே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு பெயருக்கு அரை மணிநேரம் செல்லலாம். சனிக்கிழமைக்கு நான்கு பெயர்கள் எனக் கொண்டால், ஒரு குளத்தைச் சூழ்ந்த ஊரை ஒரு குளிர்காலத்தில் முடித்துவிடலாம்.